இசை நாடகத்தில் நகைச்சுவை நடிப்பு: மரபும் பயிற்சியும்

முன்னுரை

பள்ளி மேடையில் தமிழ் இசை நாடகம் ஒன்றை அரங்கேற்ற முனையும்போது பாட்டுக்கும் ஆட்டத்திற்கும் பல வாரங்கள் பயிற்சி அளிக்கிறோம். பாடுவோர்க்குச் சுருதி சேர்த்துக் காட்டுகிறோம். ஆடுவோர்க்கு அடவு திருத்துகிறோம். நகைச்சுவைப் பாத்திரம் ஏற்கும் மாணவரிடம் மட்டும், "உனக்குத்தான் இயல்பாக வருமே, நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். நகைச்சுவை பிறவிக்குணம், அதனைக் கற்பிக்க இயலாது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழ் மரபு நகையை இலக்கணத்தோடும் இசையோடும் சேர்த்து வளர்த்துள்ளது. அம்மரபிலிருந்தே வகுப்பறைக்கு உகந்த பயிற்சிகளை நாம் அமைத்துக்கொள்ளலாம்.

பயிற்சி இல்லாமையால் விளையும் கேட்டினை முதலில் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி நாடகப் போட்டி ஒன்றுக்கு நடுவராகச் சென்றிருந்தோம். ஒரு நாடகத்தில் உடல் பருத்த மாணவர் ஒருவர் நகைச்சுவை வேடம் ஏற்றிருந்தார். அவர் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் மேளம் ஓங்கி ஒலித்தது, அரங்கு சிரித்தது. அவர் பாடிய பாட்டு நல்ல பாட்டு. ஆயினும் அதன் சொற்கள் சிரிப்பொலியில் மூழ்கிப்போயின. நிகழ்ச்சி முடிந்தபின் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, நான் நடித்ததற்குச் சிரித்தார்களா, நான் குண்டாக இருப்பதற்குச் சிரித்தார்களா?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை. அவ்வினாவுக்குரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை எனலாம்.

நகை என்னும் மெய்ப்பாடு

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் நகையே முதலில் வைக்கப்பட்டுள்ளது. நகை பிறக்கும் களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கும் சொல்லப்படுகின்றன. எள்ளலாவது இகழ்ந்து நகைத்தல். இளமையாவது குழந்தைத்தன்மை. பேதைமையாவது அறிவின்மை. மடனாவது ஒருவர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாதிருத்தல். இவை தன்னிடத்தும் தோன்றும், பிறரிடத்தும் தோன்றும் என்பது உரையாசிரியர் விளக்கம்.

நடிப்புக் கற்பவர் இப்பகுப்பில் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். ஒன்று, நான்கு களன்களில் எள்ளல் ஒன்றே பிறரைத் தாழ்த்தும் இயல்புடையது. அதுவும் தன்னைத்தானே எள்ளிக்கொள்ளும் வாயிலையும் உடையது. ஏனைய மூன்றும் பாத்திரத்தின் மனநிலையில் பிறப்பவை. குழந்தைபோல் ஒன்றை நம்புதல், அறியாது தடுமாறுதல், கொண்ட கருத்தை விடாதிருத்தல் ஆகியவை அம்மனநிலைகள். மற்றொன்று, உடலின் பருமையோ, நிறமோ, திக்குவாயோ இந்நான்கில் இடம்பெறவில்லை. பாத்திரம் எதை நம்புகிறது, உண்மை எதுவாக இருக்கிறது என்னும் இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே நகைக்கு இடம் தருகிறது. இத்தொலைவைத் தெளிவாகக் காட்டும் திறனே நகைச்சுவை நடிப்பு.

கட்டியங்காரனும் பபூனும்

தமிழ் அரங்க மரபில் நகைச்சுவைப் பாத்திரத்திற்குத் தரப்பட்ட பொறுப்பு பெரிது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் தொடக்கத்திலேயே அவைக்கு வந்து கூத்தினை அறிமுகம் செய்கிறான். திரைக்குப் பின்னிருந்து அரசன் தன் பெருமையைப் பாடி வெளிப்படும்போது, "நீர் யார்?" என்று கேட்பவன் அவன். அரசன் செய்யுள் நடையில் சொல்வதை ஊரார் பேசும் மொழியில் எடுத்துச் சொல்பவனும் அவனே. பின்பாட்டுக்காரர்கள் அவனுக்கு மறுமொழி சொல்வார்கள். ஆதலால் கட்டியங்காரன் கூத்தின் பாட்டு, வசனம், அடவு ஆகிய அனைத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். எந்தப் பாட்டு எங்கு முடியும் என்று அறியாதவனால் அதன் முடிவில் நுழைந்து ஒரு சொல் சொல்ல இயலாது.

தமிழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை இன்றும் மேடையேற்றிவரும் ஸ்பெஷல் நாடகங்களில் பபூன் என்னும் பாத்திரம் உண்டு. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியே ஒப்பந்தமாகி வருவதால் அந்நாடகங்களுக்குக் கூட்டு ஒத்திகை இல்லை. இரவில் தொடங்கி விடியும்வரை நிகழும் நாடகத்தில், முன்பகுதியில் பபூன் தனியாகத் தோன்றிப் பாடி, பேசி, அவையோரைத் தன்வயப்படுத்துகிறார். ஆர்மோனியமும் மிருதங்கமும் அவருடன் உரையாடுகின்றன. ஆல்ரவுண்டு எனப்படும் தாளவாத்தியக் கலைஞர், பபூனின் சொல் முடியும் இடத்தைக் கணித்து ஓசை எழுப்புகிறார். ஒத்திகையே இல்லாமல் இஃது எவ்வாறு கைகூடுகிறது? அனைவரும் ஒரே பாட்டு மரபையும் ஒரே தாளக் கணக்கையும் பயின்றிருப்பதால் கைகூடுகிறது. பார்ப்பவர்க்குத் தன்னிச்சையாகத் தோன்றும் நகைச்சுவைக்குப் பின்னால் நெடுங்காலப் பயிற்சி இருப்பதற்கு இதுவே சான்று.

நாம் வாழும் இவ்வட்டாரத்திலும் இதனை ஒத்த மரபு ஒன்று தோன்றியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகம் உருவாயிற்று. அதில் காட்சிக்குக் காட்சி திரைச்சீலை மாற்றும் இடைவேளையில், திரைக்கு முன்னால் ஆடலும் பாடலும் நகைச்சுவையும் நிகழும். அதனை எக்ஸ்ட்ரா டர்ன் என்றே அழைத்தனர். திரைக்குப் பின்னால் வேலை முடியும்வரை அவையோரைக் கலையவிடாமல் இருத்துவது அக்கலைஞர்களின் பொறுப்பு. காலத்தை நீட்டவும் குறுக்கவும் தெரிந்த இசைஞரால் மட்டுமே அஃது இயலும்.

சிங்கனும் சிங்கியும்: ஒரு பாடம்

பாட்டுக்குள் நகை எவ்வாறு அமைகிறது என்பதைக் கற்பிக்கத் திருக்குற்றாலக் குறவஞ்சியைவிடச் சிறந்த பாடம் கிடைத்தல் அரிது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய இந்நாடகத்தின் இறுதிப் பகுதியில், நெடுநாள் பிரிந்திருந்த தன் மனைவி சிங்கியைச் சிங்கன் காண்கிறான். இருவரும் வினாவும் விடையுமாகப் பாடுகின்றனர். குறி சொல்லப் போன இடங்களில் சிங்கி பெற்ற அணிகலன்கள் அவள் காலில் கிடக்கின்றன. சிங்கன் அவற்றை முன்பின் கண்டதில்லை. காலில் கிடக்கும் சிலம்பை விரியன் பாம்பு என்று எண்ணிக் கேட்கிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று அவள் விடை சொல்கிறாள். பாடகத்தின் நெளிவைக் கண்டு நாங்கூழ்ப் புழுவோ என்கிறான். காலில் கட்டிய கெச்சத்தைக் கண்டதும், செத்த தவளையைக் கட்டியிருப்பது ஏன் என்கிறான்.

இப்பாட்டு நமக்குக் கற்பிப்பவை மூன்று.

முதலாவது, நம்பிக்கையின் உறுதி. சிங்கன் வேடிக்கை செய்யவில்லை, மெய்யாகவே அஞ்சுகிறான். தன் மனைவியின் காலைப் பாம்பு கடித்துக் கிடப்பதாக எண்ணும் ஒருவன் எவ்வாறு பதறுவானோ அவ்வாறு அந்நடிகர் பதறுதல் வேண்டும். சிரிப்பூட்டும் குரலில் வினவினால் பாம்பும் போய்விடும், சிரிப்பும் போய்விடும். அவன் பேதைமைக்கு அடியில் உண்மையான துயரமும் உண்டு. இத்தனை நாள் எங்கே போனாள், இவற்றையெல்லாம் யார் கொடுத்தார் என்னும் ஐயம் அவனை வாட்டுகிறது. இவ்வையத்தை நடிகர் மறவாதிருந்தால் ஒவ்வொரு வினாவிலும் உயிர் இருக்கும்.

இரண்டாவது, வரிசைமுறை. நச்சுப்பாம்பு, மண்ணில் நெளியும் புழு, செத்த தவளை என்று அவன் கற்பனை அச்சத்தில் தொடங்கி அருவருப்பிலும் விந்தையிலும் சென்று சேர்கிறது. மூன்று வினாக்களையும் ஒரே குரலில் பாடினால் இரண்டாம் வினாவிலேயே அவையோர் சலித்துவிடுவர். முதல் வினாவில் அச்சம், அடுத்ததில் குழப்பம், அதற்கடுத்ததில் மனைவிக்குப் பித்துப் பிடித்ததோ என்னும் வியப்பு என ஒவ்வொன்றும் மாறுபடுதல் வேண்டும்.

மூன்றாவது, திருப்பச் சொல். சிங்கியின் விடையில் சிலம்பு என்னும் சொல்தான் பாம்பை அணிகலனாக மாற்றுகிறது. அச்சொல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் நகையே இல்லை. ராகத்தின் அழகுக்காக அவ்விடத்தில் சங்கதி போடுவது இசைக்கச்சேரிக்குப் பொருந்தலாம், நாடகத்திற்குப் பொருந்தாது. ஒவ்வொரு விடையும் சிங்கா என்னும் விளியோடு முடிவதையும் நோக்குக. அவ்விளி ஒலிக்கும் நேரத்தில் அவையோர் சிரித்துக்கொள்ளலாம். பொருளுள்ள சொல் எதுவும் இழக்கப்படாது. கவிராயர் சிரிப்புக்கும் இடம் விட்டே பாட்டை அமைத்திருக்கிறார்.

இங்கே ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இக்காட்சியைக் குறவர் இனத்தாரின் பேச்சையும் நடையையும் கேலி செய்யும் காட்சியாகச் சில மேடைகளில் நடத்துகின்றனர். பாட்டு அதற்கு இடம் தரவில்லை. நாடெல்லாம் சென்று தன் கலையால் பரிசு பெற்று வந்த பெண்ணின் முன்னால், வீட்டுக்காரன் உலகம் அறியாதவனாக நிற்கிறான். நகைக்குக் காரணம் அவன் அறியாமை, அவன் குலமன்று.

எள்ளலின் இலக்கு

எள்ளலையும் நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அஃது எவரை நோக்கிச் செல்கிறது என்பதே கேள்வி. இதற்குக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957) நல்ல எடுத்துக்காட்டு. வில்லுப்பாட்டிலும் நாடகக் குழுக்களிலும் பயின்று திரைக்கு வந்த அவர், கிந்தனார் என்னும் கதாகாலட்சேபத்தை நிகழ்த்திப் புகழ்பெற்றார். நல்லதம்பி (1949) திரைப்படத்திலும் அஃது இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரத்தை மக்கள் நன்கு அறிந்திருந்தனர். நந்தன் சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கியதுபோல், தாழ்த்தப்பட்ட குடும்பத்துச் சிறுவன் கிந்தன் கல்விக்கு ஏங்குகிறான்.

இங்கு நகை எவ்வாறு பிறக்கிறது? காலட்சேபத்தின் முறைமையைக் கலைவாணர் சிறிதும் சிதைக்கவில்லை. பாகவதர்க்குரிய தோரணை, பாட்டு, இடையிடையே விளக்கம், பின்பாட்டு ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கின்றன. அப்பெருமித வடிவத்துக்குள் அன்றாட வாழ்க்கை நுழையும்போது சிரிப்பு வருகிறது. வடிவத்தைச் சரியாகப் பாடத் தெரியாதவர் அதனைக் கொண்டு நகைச்சுவை செய்ய இயலாது. அவர் எள்ளியது கிந்தனை அன்று. கிந்தனுக்குப் படிப்பை மறுத்த மூடப் பழக்கத்தையே. சிரித்தவர்கள் கிந்தனின் பக்கம் நின்று சிரித்தனர்.

பயிற்சி முறைகள்

மேற்கண்டவற்றை அடிப்படையாகக் கொண்டு வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சிகள் ஐந்தினை இவண் தருகிறோம். ஒலிபெருக்கியோ ஒப்பனையோ இவற்றுக்குத் தேவையில்லை.

1. பாடாமல் பேசுதல். நகைச்சுவைப் பாட்டின் சொற்களை முதலில் மெட்டின்றி, ஒருவரிடம் செய்தி சொல்வதுபோல் பேசச் செய்க. ஒவ்வோர் அடியிலும் திருப்பச் சொல் எது என்று மாணவரையே கண்டுபிடித்து அடிக்கோடிடச் சொல்க. பிறகு பாடும்போது அச்சொல்லுக்கு முன் மூச்சு எடுத்துக்கொள்ளும் பழக்கம் உண்டாக வேண்டும். மூச்சு போதாமல் திருப்பச் சொல் அமுங்குவதே தொடக்கநிலை மாணவரிடம் நாம் மிகுதியாகக் காணும் குறை.

2. மௌனத்தை எண்ணுதல். மாணவர் அனைவரும் எட்டு எண்ணிக்கையுடைய ஆதி தாளத்தைக் கையால் போடட்டும். ஒருவர் முதல் ஆறு எண்ணிக்கைக்குள் ஒரு வினாவைக் கேட்கிறார். மற்றவர் முதன்முறை ஏழாவது எண்ணிக்கையிலேயே விடை சொல்கிறார். இரண்டாம் முறை ஏழையும் எட்டையும் மௌனமாக விட்டு, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில் சொல்கிறார். மூன்றாம் முறை முழு ஆவர்த்தனம் ஒன்றை மௌனமாக விட்டுச் சொல்கிறார். விடை ஒன்றேயாயினும் பொருள் மும்முறையும் மாறுவதை வகுப்பே உணரும். உடனே சொன்னால் சாமர்த்தியம். சற்று விட்டுச் சொன்னால் சிந்தனை. நெடிது விட்டுச் சொன்னால் திகைப்பு. நகைச்சுவைக்கு உயிரான காலக்கணிப்பு என்பது இதுதான். உரையாடல் நாடகத்தில் இதனை உள்ளுணர்வால் பழக வேண்டும். இசை நாடகத்திலோ எண்ணிப் பழகலாம். இது மாணவர்க்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

3. மூன்று காலம். விரைவாகச் சொற்களைக் கொட்டும் பாட்டுகளை முதற்காலத்திலும், பிறகு இரண்டாம், மூன்றாம் காலங்களிலும் பாடச் செய்க. லகர, ளகர, ழகரங்களும் ரகர, றகரங்களும் மூன்றாம் காலத்திலும் பிறழாது ஒலித்தால் மட்டுமே அவ்வேகத்தை மேடைக்கு அனுமதிக்க வேண்டும். அவையோர்க்குப் புரியாத வேகம் வெறும் ஓசை. இப்பயிற்சி உச்சரிப்புப் பாடமாகவும் பயன்படும். ழகரத்தைத் தனியே சொல்லிப் பழகத் தயங்கும் மாணவர் பாட்டில் தயங்குவதில்லை.

4. கேட்போர் பயிற்சி. நகைச்சுவைக் காட்சியில் சிரிப்பூட்டுபவரைப் போலவே எதிரில் நிற்பவரும் இன்றியமையாதவர். வில்லுப்பாட்டில் புலவரின் கதைக்கு ஆமாம் போடுபவர் எவ்வளவு முக்கியமானவரோ, சிங்கனுக்குச் சிங்கி அவ்வளவு முக்கியமானவள். இருவரையும் பாத்திரம் மாற்றிப் பாடச் செய்க. எதிராளியின் வினாவைப் புதிதாகக் கேட்பதுபோல் ஒவ்வொரு முறையும் கேட்கத் தெரிந்தவரே நல்ல விடை சொல்வார். அடுத்து நாம் என்ன சொல்ல வேண்டும் என்று காத்திருப்பவரின் முகம் அவையோர்க்கு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

5. சிரிப்பைத் தாங்குதல். அவையோர் சிரிக்கும்போது பாடகர் தொடர்ந்தால் அடுத்த அடி வீணாகும். முற்றாக நிறுத்தினால் தாளம் அறும். இதற்காக ஆர்மோனியமோ கீபோர்டோ வாசிப்பவர் ஒரு சிறு இசைத்தொடரைத் திரும்பத் திரும்ப வாசிக்கப் பழக வேண்டும். நடிகர் அந்நேரத்தில் பாத்திரத்தின் மனநிலையிலேயே நின்று, சிரிப்பு உச்சத்திலிருந்து தணியத் தொடங்கியதும் அடுத்த ஆவர்த்தனத்தில் எடுக்க வேண்டும். முற்றும் அடங்கும்வரை காத்திருந்தால் அரங்கு குளிர்ந்துவிடும். ஒத்திகையில் ஒரு பாதி மாணவரை அவையோராக அமர்த்தி, சில இடங்களில் சிரிக்கவும் சில இடங்களில் வாளா இருக்கவும் சொல்லலாம். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராதபோது பதறாமல் பாட்டைத் தொடர்வதும் பயில வேண்டிய திறனே.

இவ்வைந்துக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. மேடையில் இருப்பவர் தம் நகைச்சுவைக்குத் தாமே சிரித்தல் கூடாது. அவர் சிரித்துவிட்டால் அவையோர் சிரிக்க வேண்டிய பங்கை அவர் எடுத்துக்கொண்டவராவார்.

ஆசிரியர் கருத்தில் கொள்ளத்தக்கவை

பாத்திரத் தேர்வின்போது, "யாரைப் பார்த்தால் சிரிப்பு வரும்?" என்று கேட்காமல், "யார் தாளம் தவறாமல் நிற்பார், யார் பிறரைக் கூர்ந்து கேட்பார்?" என்று கேட்டல் நன்று. வகுப்பில் அமைதியாக இருக்கும் மாணவர் பலர் இத்தேர்வில் முன்வருவதை நாம் கண்டிருக்கிறோம். எப்போதும் வேடிக்கை பேசும் மாணவர்க்கும் இதனால் நன்மை உண்டு. தம்மிடம் இருப்பது குணம் மட்டுமன்று, வளர்க்கத்தக்க திறன் என்பதை அவர் உணர்வார்.

பனுவலைத் தேர்ந்தபின், சிரிப்பு எழும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து, அது நால்வகை நகையுள் எதைச் சார்ந்தது என்று மாணவருடன் ஆராய்க. எந்த வகையிலும் அடங்காமல், ஒருவரது உடலையோ நிறத்தையோ பேச்சுக்குறையையோ மட்டும் சார்ந்திருந்தால், அவ்விடத்தை மாற்றி எழுதும் பொறுப்பை மாணவரிடமே ஒப்படைக்கலாம். மெய்ப்பாட்டியல் தேர்வுக்காக மனனம் செய்யும் பகுதியாக நின்றுவிடாமல், அவர்கள் கையாளும் கருவியாக மாறும். மேடையேற்றும் நாளில் கைத்தட்டலையும் சிரிப்பையும் மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், பாட்டின் சொற்கள் பின்வரிசையில் இருப்பவர்க்கும் கேட்டனவா என்று விசாரித்து அறிதலும் வேண்டும்.

முடிவுரை

தமிழ் இசை நாடகத்தில் நகைச்சுவை நடிகர் அனைத்தையும் கற்றவராகவே விளங்கினார். கட்டியங்காரனுக்குக் கூத்து முழுவதும் தெரியும். பபூனுக்குத் தாளக்காரரின் மனம் தெரியும். கலைவாணருக்குக் காலட்சேபத்தின் நுட்பம் தெரியும். அவர்களை நாம் கோமாளிகள் என்று எளிதாகச் சொல்லிக் கடந்து போகிறோம். அவர்கள் பயின்றதில் ஒரு பகுதியையேனும் நம் மாணவர்க்குக் கற்பித்தால், சிரிப்பு வேண்டும் என்பதற்காக எவரையும் இழிவுபடுத்த வேண்டிய தேவை மேடைக்கு இராது.

அன்று நம்மிடம் கேட்ட மாணவருக்கு இன்று நாம் சொல்லக்கூடிய விடை இது: "அவர்கள் உன் உடம்பைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அது உன் குறையன்று. உனக்குப் பாட்டைக் கற்பித்த நாங்கள், அதில் நகை எங்கே இருக்கிறது என்பதைக் கற்பிக்கவில்லை." இவ்விடையை இனி எந்த ஆசிரியரும் எந்த மாணவருக்கும் சொல்ல நேராதிருக்க வேண்டும். அதற்கான முயற்சியை அடுத்த ஒத்திகையிலேயே தொடங்கலாம். ஆதி தாளம் போடத் தெரிந்த கைகள் போதும்.